நாளைக்கென்று விட்ட இடம்

மாமனாரின் பெட்டி குழிக்கரையில் இருக்கிறது. ஃபாதர் ஜெபப் புத்தகத்தைத் திறந்துவிட்டார். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார். அந்த நேரத்தில் மருமகள் குழியை எட்டிப் பார்த்து, தோண்டுகிற ஆளிடம், "இது பத்தாதுப்பா. இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கற மாதிரி ஆழமா எடு" என்று சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். மாமியார் அழுகையை நிறுத்திவிட்டு மருமகளைப் பார்த்தார். அந்த ரெண்டு பேரில் ஒருத்தி தான்தான் என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உங்களை யாரும் போகச் சொல்லலை அத்தை. இந்த ஊர்ல கல்லறைக்கு இடம் கிடைக்கறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும். இப்பவே ஆழமா எடுத்துட்டா பின்னால யாரும் திண்டாட வேணாம்" என்றார் மேடம், வீட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டுவதைப் பற்றிப் பேசுகிற குரலில். ஃபாதர் புத்தகத்தை மூடிவிட்டார். பெட்டியை வைத்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் வெயிலில் நின்றோம், குழி ஆழமாகிற வரைக்கும்.

அந்த மேடத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெயரை எழுத மனசில்லை. ஆபீசில் எங்களுக்கு மேடம், அவ்வளவுதான். பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் எங்கள் கம்பெனி. காஸ் நிரப்பும் ப்ளாண்ட்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது தொழில். எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது மேடம், அதை வரைவது நான். நான் ஆஸ்டின் டவுன்காரி, டிப்ளமா படித்தவள், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆபீசில் பொம்பளைகள் என்று நாங்கள் இரண்டு பேர்தான், அதனால் ஒட்டிக்கொண்டோம்.

காஸ் ப்ளாண்ட் என்றால் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. லாரியில் வருகிற காஸைப் பெரிய பெரிய டாங்குகளில் இறக்குவார்கள். ரயில்பெட்டி நீளத்துக்கு, கான்கிரீட் திண்டுகள் மேல் படுத்திருக்கும் டாங்குகள். அங்கிருந்து குழாய் வழியாக ஷெட்டுக்கு வரும். ஷெட்டுக்குள்ளே ராட்டினம் மாதிரி ஒரு மேடை சுற்றிக்கொண்டே இருக்கும். காலி சிலிண்டர் ஒரு பக்கம் ஏறி, ஒரு சுற்று சுற்றி, நிறைந்து மறுபக்கம் இறங்கும். நம் வீட்டு அடுப்பங்கரைக்கு வருவது அதுதான்.

நான் முதன்முதலில் போட்ட வரைபடத்தை மேடத்திடம் ஆசை ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஷெட்டை நிலத்துக்கு நட்டநடுவில் வைத்து, நாலு பக்கமும் சமமாக ரோடு விட்டு, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். மேடம் ரப்பரை எடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொத்தத்தையும் அழித்தார். அடிப்பாவி என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"என்னது இது, வாசல்ல கோலம் போட்ட மாதிரி நடுவுல வச்சிருக்க?"

"அழகா இருக்குன்னு வச்சேன் மேடம்."

"அழகாத்தான் இருக்கு. நாளைக்கு இன்னொரு ராட்டினம் வேணும்னா எங்க வைப்ப? உன் தலை மேலயா?"

எல்லாவற்றையும் நிலத்தின் ஒரு மூலைக்கு ஒதுக்கச் சொன்னார். மிச்சமெல்லாம் காலி. ஷெட்டின் கடைசித் தூண்களில், பின்னால் கட்டப்போகிற ஷெட்டுக்காக இப்போதே தகடும் ஓட்டையும். குழாய் எங்கே முடியவேண்டுமோ அங்கே முடியாது. ஒரு முழம் தாண்டிப் போய், தட்டு வைத்து போல்ட் போட்டு மூடியிருக்கும். தட்டைக் கழற்றி அடுத்த குழாயை மாட்டினால் போதும். தீப்பொறி பறக்க வெல்டிங் வைக்கிற வேலை வேண்டாம், ப்ளாண்டை நிறுத்தவும் வேண்டாம். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வாங்காத டாங்குக்குத் திண்டு கட்டச் சொல்வார்! காஸ் நிறைந்த டாங்குகளுக்குப் பக்கத்தில் பின்னால் போய்த் தோண்டிக்கொண்டிருக்க முடியாதாம். இல்லாத இதையெல்லாம் வரைபடத்தில் விட்டுவிட்டுப் போடும் கோட்டால் காட்டி, மேலே 'ஃப்யூச்சர்' என்று எழுத வேண்டும். பின்னால் அவரை ஆபீசில் ஃப்யூச்சர் மேடம் என்றுதான் சொல்வார்கள். அவருக்கும் தெரியும்.

ஒரு தடவை காஸ் கம்பெனி அதிகாரி ஒருவர் வரைபடத்தைப் பார்த்துக் கடுப்பாகிவிட்டார். "இல்லாத டாங்குக்கு எதுக்கும்மா கான்கிரீட்டு?"

"உங்க வீட்டுல காஸ் இருக்கா சார்?"

"இருக்கு."

"உங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கற அம்மா வீட்டுல?"

அவர் வரைபடத்தை மறுபடியும் குனிந்து பார்த்தார்.

"அவங்க வீட்டுக்கும் வரும் சார். அன்னைக்கு இந்த டாங்க் வேணும்."

எங்கள் வீட்டில் அப்போது மண்ணெண்ணெய் ஸ்டவ்தான். காஸ் கனெக்‌ஷனுக்கு எழுதிவைத்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்துக்கிடந்தோம். அம்மாவின் புடவையில் எப்போதும் மண்ணெண்ணெய் வாடை. அன்றைக்கு மேடம் பேசியதைக் கேட்டபோது எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. யாரென்றே தெரியாத ஒரு பெண்ணுக்கு, வராத ஒரு நாளுக்காக, இவ்வளவு அக்கறையா?

லிங்கராஜபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனால் வேறு மாதிரி திகைப்பு. ஒரு மாடிகூட இல்லாத வீடு, ஆனால் அகலமான படிக்கட்டு மேலே ஏறிப் போய் வெறும் ஆகாசத்தில் நிற்கும். மொட்டைமாடியில் நாலு மூலையிலும் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சாப்பாட்டு மேஜையில் அவர், அவர் கணவர், மாமியார் என்று மூன்று பேர், நாற்காலி எட்டு. கணவர் பள்ளிக்கூட வாத்தியார், சிரிக்காமல் ஜோக் அடிப்பார். "என் பக்கத்து நாற்காலி யாருக்குன்னு கேட்கவே பயமா இருக்கும்மா" என்பார். தையல்காரரிடம் ஜாக்கெட் கொடுத்தால், உள்ளே எவ்வளவு துணி விடச் சொல்வார் தெரியுமா? அந்த ஆள் ஒருநாள் என்னிடம், "உங்க மேடம் இன்னொரு ஆளையும் உள்ள வச்சுத் தைக்கச் சொல்றாங்க" என்று புலம்பினார்.

இப்படியெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த நாங்கள், அந்த ஒரு ப்ளாண்ட் விஷயத்தில் மாட்டிக்கொண்டோம்.

அது ஊருக்கு வெளியே, பஸ்ஸை விட்டு இறங்கி ராகி வயல் ஓரமாக நடந்து போகவேண்டிய இடம். கட்டி முடிகிற சமயம். என் தங்கை செல்வியின் வீட்டுக்காரர் அங்கே கட்டட வேலைக்கு வந்திருந்தார், நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டது. ஒருநாள் செல்வி அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தபோது மேடமும் இருந்தார். ஆஸ்டின் டவுனில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறோம், வீட்டுக்காரம்மா தொல்லை தாங்கவில்லை என்று செல்வி மூக்கைச் சிந்தினாள்.

மேடம் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "இங்கயே ஒரு சைட் வாங்கிப் போடும்மா. இந்த ப்ளாண்ட் இப்படியே இருக்காது. பெருசாகும், நானே அதுக்கு இடம் விட்டிருக்கேன். பெருசாகும்போது நிறைய பேருக்கு வேலை வரும். பக்கத்துலயே இருக்கறவங்களுக்குத்தான் முதல்ல கொடுப்பாங்க."

பெங்களூரில் வீட்டு மனையைச் சைட் என்போம். செல்வி கழுத்தில் காதில் இருந்ததை விற்றாள். சுவருக்குப் பின்னாலேயே ஒரு துண்டு நிலம் வாங்கி, ஒரு ரூமும் சமையலறையும் கட்டி, மேலே ஷீட் போட்டுக் குடிபோனாள். மாப்பிள்ளைக்கு ப்ளாண்டில் லாரிக்குச் சிலிண்டர் ஏற்றுகிற காண்ட்ராக்ட் வேலை கிடைத்தது. பெருசாகும்போது பெர்மனென்ட் ஆகும் என்று காத்திருந்தார். செல்வி வீட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மேடத்தின் போட்டோ இல்லாததுதான் குறை, அப்படிப் புகழ்வாள்.

வருஷங்கள் ஓடின. நான் பென்சிலை விட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறினேன். ஊரில் எல்லார் வீட்டுக்கும் காஸ் வந்துவிட்டது, எங்கள் வீட்டுக்கும். இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒருநாள் அந்தக் காஸ் கம்பெனியிடமிருந்து தகவல்: ப்ளாண்டைப் பெரிதாக்க வேண்டும், இன்னொரு ராட்டினம், இன்னொரு டாங்க். மேடத்தின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும்! பொண்ணு பார்க்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்ட மாதிரி ஒரு சிரிப்பு. அளவெடுக்க நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் மேடம் அப்படியே நின்றுவிட்டார். ராகி வயலைக் காணோம். ஒரு வயல்கூட இல்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் வீடுகள், மளிகைக் கடை, சலூன், மொபைல் ரீசார்ஜ் கடை. செல்வியைப் பார்க்க நான் அவ்வப்போது வந்து போய்க்கொண்டிருந்ததால் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது எனக்கு உறைக்கவே இல்லை. மேடம் திறப்பு விழாவுக்குப் பிறகு இப்போதுதான் வருகிறார். பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது அவர் முகம்.

உள்ளே போனோம். அவர் வைத்தது எல்லாம் வைத்தபடி இருந்தது. தூண்களில் தகடு, குழாய்களில் தட்டு, கிழக்குச் சுவர்ப் பக்கம் டாங்குக்கான இரண்டு திண்டுகள். கான்கிரீட்டில் ஒரு கீறல் இல்லை. மேடம் திண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். நான் டேப்பின் ஒரு முனையைச் சுவரில் வைத்துப் பிடித்தேன். அப்போதுதான் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். அப்புறம் கருவேப்பிலை வாசனை.

மேடம் டேப்பைக் கீழே போட்டுவிட்டார். "யாரோ தாளிக்கறாங்க" என்றார்.

"செல்விதான் மேடம். இந்நேரத்துக்குத்தான் குழம்பு வைப்பா."

எங்கள் பேச்சுக் குரல் கேட்டு, சுவருக்கு மேலே செல்வியின் தலை தெரிந்தது. ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறாள். "அக்கா! மேடம்! வந்துட்டீங்களா? எப்போ மேடம் ஆரம்பிக்கப் போறீங்க? அவருக்குப் பெர்மனென்ட் ஆயிடும்ல?" கையில் கரண்டி, வாயெல்லாம் பல். அவளுக்குப் பின்னால் இன்னும் எத்தனையோ வீட்டு ஷீட்டுகள். மேடம் அந்த ஷீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான்தான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

சிக்கல் என்னவென்றால், அந்த டாங்குக்கு ஆரம்பத்திலேயே அனுமதி வாங்கியாகிவிட்டது. பின்னால் அலைய வேண்டாம் என்று மேடம்தான் வாங்கவைத்தார். அப்போது சுற்றிலும் வயல்தானே? இப்போது அரசாங்கத்திலிருந்து யாரும் புதிதாக வந்து சுற்றிப் பார்க்கப் போவதில்லை. திண்டு இருக்கிறது, அனுமதி இருக்கிறது, டாங்கைக் கொண்டுவந்து ஏற்ற வேண்டியதுதான். இவ்வளவு சுலபமாகப் பெரிதாக்கக்கூடிய ப்ளாண்ட் வேறெங்குமே இல்லை என்று காஸ் கம்பெனியில் எல்லோருக்கும் சந்தோஷம்.

மேடம் எங்கள் மேனேஜரிடம் போனார். நானும் கூட நின்றேன்.

"அந்த டாங்க் வேணாம் சார். சுவர் ஓரமா வீடுங்க வந்திருக்கு. ஒரு லீக் ஆச்சுன்னா முதல்ல அடுப்பு எரியறது அங்கதான்."

"சுவர் வரைக்கும் தூரம் சரியா இருக்கா இல்லையா?"

"இருக்கு. ரூல்படி இருக்கு."

"அப்புறம் என்ன? சுவருக்கு அந்தப் பக்கம் நம்ம பொறுப்பு இல்லை மேடம்."

"நான் நின்ன இடத்துல தாளிக்கற சத்தம் கேட்டுது சார்!"

மேனேஜர் நல்ல மனுஷர்தான். ஆனால் அன்று சுருக்கென்று கேட்டுவிட்டார். "அந்தத் திண்டை அங்க வச்சது யாரு? நான் வேணாம்னு சொன்னப்போ சண்டை போட்டு வச்சது நீங்கதானே?"

மேடம் திரும்பி நடந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. தன் மேஜைக்கு வந்து, அந்தப் பழைய வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போனது.

வேலை ஆரம்பித்த அன்று மறுபடியும் போனோம். புது ஷெட்டுக்காகப் பழைய தரையை உடைக்க ஆட்கள் வந்திருந்தார்கள். காஸ் இருக்கிற இடம், மெஷின் வைத்து உடைக்கக்கூடாது. தீப்பொறி பறக்காமல் தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சம்மட்டியால் உடைப்பார்கள். மேடம் மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"தரையை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல இந்த ரெண்டு திண்டையும் உடைங்க."

மேஸ்திரி கன்னடக்காரர். திண்டைத் தடவிப் பார்த்தார். "யாக்கே மேடம்? சென்னாகிதெயல்லா?" ஏன், நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார். பாவம், அவருக்கே உடைக்க மனசு வரவில்லை.

"நான்தான் வச்சேன். நான்தான் உடைக்கச் சொல்றேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"மேடம், வேணாம் மேடம், வேலை போயிடும்" என்று அவர் கையைப் பிடித்தேன். கையை விடுவித்துக்கொண்டார். "இது இருக்கற வரைக்கும் பழைய அனுமதியை வச்சு டாங்கைக் கொண்டாந்து ஏத்திடுவாங்க. இது இல்லைன்னா புது வரைபடம், புது அனுமதி. அனுமதி கேட்டா ஆள் வந்து பார்க்கணும். வந்து பார்க்கட்டும்."

முதல் சம்மட்டி விழுந்தது. குழாயைக்கூட முடிய வேண்டிய இடத்தில் முடியவிடாதவர், ஜாக்கெட்டில்கூட ஒரு விரல் துணியை வீணாக்காமல் உள்ளே விடச்சொன்னவர், தான் கட்டிய கான்கிரீட்டைப் பக்கத்தில் நின்று உடைக்க வைத்துக்கொண்டிருந்தார். ப்ளாண்ட் அதிகாரி ஒருதரம் எட்டிப் பார்த்தார். பெரிதாகக் கட்டப் போகிறார்கள் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போனார். லேசில் உடையவில்லை. அவ்வளவு நன்றாகக் கட்டவைத்திருந்தார் மனுஷி. உள்ளே கம்பி தெரிந்ததும் மேடம் அழுதார். வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல். ஆனால் போதும் என்று மட்டும் சொல்லவில்லை.

சாயங்காலம் எல்லாம் தரைமட்டமான பிறகு, தூசியும் ஈரமுமாக இருந்த அதே புடவையோடு கேட்டைத் தாண்டி, சுவரைச் சுற்றிக்கொண்டு நேராகச் செல்வி வீட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். மாப்பிள்ளையும் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். செல்வி பாயை விரித்து, காபி போட ஓடினாள். மேடம் உட்காரவில்லை.

"டாங்க் வராதும்மா. திண்டை உடைச்சுட்டேன். ப்ளாண்ட் பெருசாகாது. அவருக்கு வேலையும் பெருசா ஒண்ணும் வராது. நான் உனக்குச் சொன்னது தப்பு. முடிஞ்சா இந்த வீட்டை வித்துட்டுத் தள்ளிப் போயிடுங்க."

செல்விக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அவள் கத்திய கத்தல் இருக்கிறதே! "என் தாலிக்கொடியை வித்து வாங்கினேன் மேடம் இந்த இடத்தை! நீங்க கையைக் காட்டின இடம்! இத்தனை வருஷம் காத்திருந்து, வர்ற நேரத்துல எங்க வயித்துல அடிச்சிட்டீங்களே! நீங்க நல்லா இருப்பீங்களா?" நான் குறுக்கே போய், உன் உயிருக்காகத்தான்டி செய்திருக்கிறார் என்றேன். "எங்க உயிருக்கு இப்ப என்ன கேடு வந்தது? நீ சும்மா இரு, நீயும் அவங்க ஆள்தானே!" மாப்பிள்ளை சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அது செல்வி கத்தியதைவிட மோசமாக இருந்தது. மேடம் எல்லாவற்றையும் நின்று கேட்டுக்கொண்டார். செல்விக்கு மூச்சு வாங்கிய பிறகுதான் வாசற்படி இறங்கினார்.

மேடத்தை அந்த வாரமே வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். புது அனுமதி கேட்கப் போய், ஆட்கள் வந்தார்கள், சுவருக்கு அந்தப் பக்கமும் நடந்து பார்த்தார்கள், டாங்க் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காஸ் கம்பெனி வேறு ஊரில் புது ப்ளாண்ட் கட்டியது. மாப்பிள்ளை கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டு லக்கேஜ் ஆட்டோ ஓட்டப் போனார். செல்வி வீட்டை விற்கவில்லை. எதற்காக விற்க வேண்டும், இது என் வீடு என்றாள். எனக்கு அவளிடமும் கோபம், மேடத்திடமும் கோபம். யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் ஆபீசில் எல்லோரிடமும் எரிந்துவிழுந்தேன்.

ரொம்ப நாள் கழித்துப் பிரேசர் டவுனில் ஒரு பேக்கரி வாசலில் மேடத்தைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் எப்படி இருக்கிறேன் என்றுகூடக் கேட்கவில்லை. முதல் கேள்வியே, "செல்வி அந்த வீட்டுலதான் இருக்காளா?"

"அங்கதான் மேடம்."

"இன்னும் என்னைத் திட்டறாளா?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "திட்டறா மேடம். காஸ் லாரி தெருவுல போனாலே ஆரம்பிச்சுடுவா."

"வீட்டுல யார் யார் இருக்காங்க?"

நான் சொன்னேன். செல்வி, மாப்பிள்ளை, பையன், மருமகள், போன மாசம் பிறந்த குழந்தை, செல்வியின் சின்ன மகள். மேடம் கேக் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தரையும் கேட்டுக்கொண்டார். குழந்தைக்கு என்ன பெயர் என்றுகூடக் கேட்டார்.

"எல்லாரும் இருக்காங்கல்ல?"

"இருக்காங்க மேடம்."

"அப்போ திட்டட்டும்" என்றார்.